காய்ச்சல் நாட்களில் எடுத்த கொழுப்புப் பரிசோதனை

ஆய்வகத்தில் அறிக்கை வாங்க வந்த ஒரு பெண்மணி, இன்ஃப்ளூயன்சா காய்ச்சலில் படுத்திருந்த தம் தந்தையின் தாளைப் பார்த்து முகம் மலர்ந்து, "சார், அப்பாவுக்குக் கொழுப்பு நல்லாக் குறைஞ்சிருக்கே, மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று கேட்டார். முன்பு 142 ஆக இருந்த எல்டிஎல், அதாவது 'கெட்ட கொழுப்பு', அன்று 108. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தப் பருவத்தில் என் வேலையே காய்ச்சல் கண்டவர்களின் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது, அதாவது ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிதைந்திருக்கிறது என்று அளப்பதுதான். தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால், சிதைந்த கொழுப்பிலிருந்து வரும் மாலோன்டைஆல்டிஹைடு இளஞ்சிவப்பு நிறம் தரும். அதை 532 நானோமீட்டரில் அளப்போம். ஒருநாள் எல்லாக் குழாய்களும் அடர்ந்து சிவந்தன, நலமாக இருந்தவர்களின் மாதிரிகள் உட்பட. முந்தைய இரவு அவற்றை உறைபெட்டியில் வைக்க மறந்திருந்தோம். கொழுப்பு குழாயிலேயே கெட்டிருந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டோம்.

அழற்சி மிகும்போது எல்டிஎல், 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் இரண்டின் அளவும் பொதுவாகக் குறைகின்றன. ஆனால், வைரஸை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வெளியிடும், தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் எஞ்சிய எல்டிஎல்லைச் சிதைக்கக்கூடும். அதைத் தடுக்கும் பாராக்சோனேஸ் என்ற எச்டிஎல் நொதியின் செயல்பாடு இன்ஃப்ளூயன்சா தொற்றிய சுண்டெலிகளில் தளர்ந்ததைக் கண்டிருக்கிறார்கள். சிதைந்த எல்டிஎல்லை மேக்ரோபேஜ்கள் எனும் விழுங்கு செல்கள் வரம்பின்றி விழுங்கி நுரைச் செல்களாகித் தமனிச் சுவரில் தங்கிவிடுகின்றன. அங்கே ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு அழற்சியால் வெடித்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். 2018-இல் வெளியான கனடா ஆய்வில், இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு மற்ற நாட்களோடு ஒப்பிட ஏறக்குறைய 6 மடங்காக இருந்தது.

இதைப் படிப்பவர்கள், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈ மாத்திரையை நினைக்கக் கூடும். பெரிய சோதனைகளில் அது மாரடைப்பைத் தடுக்கவில்லை. மாறாக, மாரடைப்பு வந்தவர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட்டுப் பார்த்த ஐஏஎம்ஐ சோதனையில் ஓராண்டுக்குள் மரணம், மறு மாரடைப்பு, ஸ்டென்ட்டில் ரத்த உறைவு ஆகியவை சேர்ந்து 7.2 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தன.

காய்ச்சல் நாளில் எடுத்த மாதிரி என்று தெரிந்தால், சில வாரம் கழித்து மறுபரிசோதனை தேவை என்று அறிக்கையின் அடியில் எழுதத் தொடங்கினோம். அந்தப் பெரியவர் ஆறு வாரம் கழித்து மகளுடன் வந்தார், மாத்திரையை விடவில்லை. எல்டிஎல் 139.