கால் வலிக்காகச் செய்துகொண்ட முதுகு அறுவை சிகிச்சை

இடுப்பு டிஸ்க்கில், அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வில், நுண்துளை அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஓராண்டு கடந்துவிட்டது. பார்ப்பவர்கள் எல்லோரும் "இப்போது திருப்திதானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். ஆம், முழு மனதோடு திருப்தி. ஆனால் இந்த ஒரு பதிலை மட்டும் நம்பி யாரும் மேசையில் போய்ப் படுத்துவிடக் கூடாது. என்ன வலி இருந்தது, அதில் எது போனது, எது போகவில்லை என்று பிரித்துச் சொன்னால்தான் மற்றவர்களுக்குப் பயன்படும்.

அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். நாளெல்லாம் நின்று பாடம் நடத்துவதால் இடுப்பு வலி பல ஆண்டுகளாகவே உண்டு. பிறகு வந்தது வேறு வலி. இடது பிட்டத்தில் கிளம்பித் தொடையில் இறங்கி, கெண்டைக்காலின் வெளிப்புறமாக ஓடிக் கட்டைவிரலில் போய் நிற்கும். தும்மினால் சுரீரென்று இழுக்கும். நிற்கக்கூட முடிந்தது, உட்கார முடியவில்லை. காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு திருத்தினேன். பஸ்ஸில் இடம் இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவேன்.

நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்தது. மருத்துவர் அவசரப்படவில்லை. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்றார். மாத்திரை, பிசியோதெரபி, பிறகு முதுகில் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஊசி கொஞ்ச காலம் தாங்கியது. அப்புறம் ஒரு நாள், இடது கால் செருப்பு நழுவியது தெரியாமலேயே பள்ளி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மாணவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மருத்துவர் என் இரண்டு கட்டைவிரல்களையும் தன் விரலால் அழுத்திக்கொண்டு, "மேலே தூக்குங்கள் அம்மா" என்றார். வலது விரல் அவர் கையை எதிர்த்து எழுந்தது. இடது விரல் எழவில்லை. அன்றைக்குத்தான் அறுவை சிகிச்சை என்ற பேச்சே வந்தது.

இந்த இடத்தில் அவர் பேசியதுதான் என் திருப்திக்கு முதல் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். படத்தில் கறுப்பாகத் துருத்திய துண்டைக் காட்டி, "இதை எடுத்தால் கால் வலி குறைவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. விரல் பலம் மெல்லத் திரும்பலாம். மதமதப்பு கடைசியாகத்தான் போகும், கொஞ்சம் தங்கியும் விடலாம். உங்கள் பழைய இடுப்பு வலிக்கு நான் உறுதி தர மாட்டேன்" என்றார். முழு டிஸ்க்கையும் எடுக்க மாட்டார்கள், அழுத்தும் துண்டை மட்டும்தான் எடுப்பார்கள். அதனால் அதே இடத்தில் மறுபடி பிதுங்கவும் கூடும் என்பதையும் மறைக்கவில்லை. 1934-இல் பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும், பிதுங்கிய டிஸ்க்தான் காலில் ஓடும் இந்த வலிக்குக் காரணம் என்று எழுதிய நாளிலிருந்தே இது நரம்பை விடுவிக்கும் சிகிச்சைதான். முதுகைப் புதிதாக்கும் சிகிச்சை இல்லை.

சிறிய துளை என்ற விளம்பரத்தில் மயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்குச் செய்தது குழாய் முறை: முதுகில் 2 செ.மீ. அளவு கீறி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பருமனான குழாய்களைச் செலுத்திச் சதையை விலக்கி, நுண்ணோக்கி வழியாகப் பார்த்துத் துண்டை எடுப்பது. இதையும் வழக்கமான நுண்ணோக்கி அறுவை முறையையும் நெதர்லாந்தில் 328 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் முறை மேலானது என்று அந்த ஆய்வு காட்டவில்லை. துளையின் அளவைக் கேட்பதைவிட, மருத்துவருக்கு எந்த முறையில் கை பழகியிருக்கிறது என்று கேட்பது நல்லது.

அறுவை சிகிச்சையைப் பற்றி எனக்கு நினைவில்லை, முழு மயக்கம். கண் விழித்ததும் காலைத்தான் தேடினேன். மாதக்கணக்காகக் குடைந்த அந்த வலி இல்லை. வெட்டுப்பட்ட இடம் மட்டும் எரிந்தது. சாயங்காலமே பிசியோதெரபிஸ்ட் தம்பி என்னைப் பக்கவாட்டில் புரளச் செய்து, கையை ஊன்றி எழுப்பி நடக்க வைத்தார். மறுநாள் வீடு. வெளியே தையல் சிறிதாக இருப்பதால் வீட்டில் எல்லோரும் நான் குணமாகிவிட்டதாகவே நினைத்தார்கள். உள்ளே ஆறுவதற்கு வாரங்கள் ஆகும். தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, குனிந்து பெருக்கக் கூடாது என்று மாமியாரிடம் மருத்துவரே சொன்ன பிறகுதான் வீடு அடங்கியது. சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, இரண்டு காலும் தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதையும் என் கணவரிடம் அழுத்திச் சொல்லியிருந்தார்.

அடுத்த கட்டிலில் இருந்த அக்காவை மறக்க முடியவில்லை. அவருக்கும் இதே அறுவை, வேறு மருத்துவர். கால் வலி அவருக்கும் போய்விட்டது. ஆனால் அவர் வந்தது இடுப்பு வலிக்காக. "இடுப்பு அப்படியேதானே இருக்கிறது, எதற்கு என்னை அறுத்தார்கள்?" என்று அழுதார். ஜவ்வை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அறுவையில் குறையே இல்லாமல் இருந்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு அது தோல்விதான், அவர் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை.

அறுவைக்கு முன்பும் பின்பும் ஆஸ்வெஸ்ட்ரி என்ற படிவம் கொடுத்தார்கள். வலி, உட்காருதல், நிற்றல், தூக்கம், பயணம் என்று 10 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மதிப்பெண் குறையக் குறைய நல்லது. உட்காருதலில் முன்பு "10 நிமிடத்துக்கு மேல் முடியவில்லை" என்று குறித்தவள், கடைசி முறை "விரும்பும் நேரம் வரை" என்று குறித்தேன். நிற்பதில் அவ்வளவு முன்னேற்றம் இல்லை. தொடர்ந்து வகுப்புகள் இருந்தால் இடுப்பு இன்னும் கனக்கிறது. கட்டைவிரல் எழுகிறது, அதன் நுனியில் மதமதப்பு இருக்கிறது. மறுபடியும் இதே நிலை வந்தால் இதே சிகிச்சைக்குச் சம்மதிப்பீர்களா என்று தனியாக ஒரு கேள்வியும் இருந்தது. சம்மதிப்பேன் என்று எழுதினேன்.

அந்தத் தாளின் ஓரத்தில் மருத்துவமனைக்கு ஒரு கோரிக்கையும் எழுதிக் கொடுத்தேன். திருப்தியா என்று பிறகு கேட்பதற்கு முன்னால், எந்த வலி போக வேண்டும் என்று வந்திருக்கிறீர்கள் என்று அறுவைக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள். அது இந்த அறுவையில் போகுமா போகாதா என்று மருத்துவர் அதன் கீழேயே பதில் எழுதிக் கையெழுத்திடட்டும்.