தொட்டில் வாங்கும் முன் உங்கள் கட்டிலைப் பாருங்கள்

"கட்டிலோடு ஒட்டிப் போடுகிற தொட்டில் வாங்கினாயே, அந்த லிங்க்கை அனுப்பு" என்று உறவிலும் வேலையிடத்திலும் பலர் கேட்டுவிட்டார்கள். லிங்க் அனுப்புவது ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் என் வீட்டில் சரியாக உட்கார்ந்த தொட்டில் உங்கள் வீட்டில் ஆபத்தாகிவிடலாம். கட்டில் வேறு, மெத்தை வேறு, தரை வேறு. அதனால் எதைப் பார்த்து வாங்கினேன், எதைத் தள்ளினேன் என்று எழுதிவிடுகிறேன்.

எனக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம். செம்பனை மில்லில் லாரி எடை போடும் இடத்தில் கிராணி, அதாவது கிளார்க். குலை ஏற்றி வரும் லாரியை உள்ளே வரும்போது ஒரு தடவை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு தடவை நிறுத்துக் கணக்கு எழுத வேண்டும். யார் என்ன சொன்னாலும் தராசு காட்டுவதைத்தான் எழுதுவோம். தொட்டில் விஷயத்திலும் அப்படியே நடந்துகொண்டேன். விளம்பரத்தில் "மிகப் பாதுகாப்பானது" என்று போட்டிருப்பதை விட்டுவிட்டு, அளவுகளை மட்டும் பார்த்தேன்.

பிள்ளை வயிற்றில் உட்கார்ந்த நிலையில் இருந்ததால் ஆபரேஷன்தான் என்று ஈப்போவில் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். தையல் போட்ட வயிற்றோடு ராத்திரியில் பல தடவை எழுந்து, குனிந்து, உயரமான கம்பிக்கு மேலே பிள்ளையைத் தூக்க முடியாது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே, என் கை எட்டும் தூரத்தில் அவனுக்கென்று தனி இடம் வேண்டும் என்று முடிவு செய்தது அதற்காகத்தான். எங்கள் படுக்கையிலேயே போட்டுக்கொள்வது வேண்டாம் என்பதில் நானும் வீட்டுக்காரரும் உறுதியாக இருந்தோம். அவருக்கு ஷிப்ட் வேலை. இரவு வேலை முடிந்து வந்து படுத்தால் தூக்கம் அப்படி அமுக்கும். எனக்கும் பச்சை உடம்பு, மருந்து மயக்கம் வேறு. பெரியவர்கள் மெத்தை, போர்வை, தலையணை எதுவும் கைக்குழந்தைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரே அறையில் தனிப் படுக்கை, குறைந்தது முதல் ஆறு மாதம் வரை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022 இல் புதுப்பித்த அறிவுரை. காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது பெரும்பாலும் இந்த ஆறு மாதத்துக்குள்தான், அதிலும் இரண்டு முதல் நான்கு மாத வயதில் அதிகம்.

அம்மா வீட்டில் பேச்சு ஏணையில்தான் ஆரம்பித்தது. பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு, நிற்க வேண்டும், அதற்குள் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். அங்கே உத்தரத்திலிருந்து சேலை ஏணைகள் வரிசையாகத் தொங்குமாம். அம்மாவும் மாமாக்களும் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்.

"நாங்க எல்லாம் செத்தா போயிட்டோம்?" என்று பாட்டி கேட்டார்.

நியாயமான கேள்வி. அதைத் தட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. "அப்ப அந்த ஆயா என்ன பண்ணுவாங்க பாட்டி?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவா, உக்காந்து ஆட்டிக்கிட்டே எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருப்பா. அதுதானே அவ வேலை."

"ராத்திரியில?"

"ராத்திரிக்கு எங்க ஏணை? பக்கத்துல பாயில போட்டுக்குவோம்."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நான் சொல்ல வந்ததைப் பாட்டியே சொல்லிவிட்டார். ஏணை என்பது ஓர் ஆள் கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்த இடம். ராத்திரி மூன்று மணிக்கு எங்கள் அறையில் விழித்திருக்க யாரும் இல்லை. வீடே தூங்கும்போது குழந்தையை விடும் இடம், காவல் இல்லாமலே பத்திரமாக இருக்க வேண்டும். பாய் சமமானது, அமுங்காதது. ஏணை அப்படியல்ல. பச்சைக் குழந்தைக்குத் தலை கனம், கழுத்தில் பலம் இல்லை. துணிக்குள் உடம்பு வளைந்து முகவாய் நெஞ்சில் போய் ஒட்டினால், ஏற்கெனவே குறுகலான மூச்சுக்குழல் மடங்கிவிடும். அதைத் தானாக நிமிர்த்திக்கொள்ள அதற்குத் தெரியாது, சத்தமும் வராது. இப்போது ஸ்பிரிங் போட்ட ஏணை, மோட்டார் வைத்துத் தானே ஆடுவது எல்லாம் கடைகளில் கிடைக்கிறது. மோட்டார் ஆட்டும், ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்க்காது.

இதே காரணத்தால் சாய்வாகப் படுக்க வைக்கும் தொட்டில்களையும் ஒதுக்கினேன். பால் கக்காமல் இருக்கத் தலைப்பக்கம் உயர்த்தலாம் என்று விற்கிறார்கள். அமெரிக்காவில் 2019 இல் ஒரே வகைச் சாய்வுத் தொட்டிலில் ஏறக்குறைய 4.7 மில்லியன் திரும்பப் பெறப்பட்டன, குழந்தைகள் இறந்த பிறகு. 2022 இல் 10 டிகிரிக்கு மேல் சாய்வுள்ள குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தை ஓரங்களையும் அங்கே சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். நம் ஊர் இணையக் கடைகளில் இரண்டும் இன்னும் கண்ணில் படுகின்றன. மல்லாக்கப் படுத்தால் கக்கிய பால் மூச்சில் போய்விடும் என்பது அம்மாவின் பயம். மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக மேலே ஏற வேண்டும். குப்புறப் படுத்தால்தான் அது தலைகீழாகிறது. அமெரிக்க மருத்துவர்கள் 1992 இல் குப்புறப் போடாதீர்கள் என்றார்கள், 1994 இல் மல்லாக்கப் போடுங்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த சில ஆண்டுகளில் அங்கே அந்தத் தூக்க மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கிளினிக்கிலிருந்து பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிஸ்ஸியும் (நர்ஸ்) மல்லாக்கப் போடுங்கள் என்றுதான் அம்மாவிடம் சொன்னார். நான் சொன்னதைவிட அது வேலை செய்தது.

இனி கட்டில் விஷயம். பக்கத் தொட்டிலின் முழு ஆபத்தும் இடுக்கில் இருக்கிறது. நம் மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் விரல் நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. ராத்திரி நாம் புரள்வதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டில் நகர்ந்து, அந்தச் சந்தில் குழந்தையின் முகமோ கழுத்தோ மாட்டினால் முடிந்தது. அதனால் கட்டிலின் அந்தப் பக்கம் வரை சுற்றி இழுத்துக் கட்டும் வார் உள்ளதை மட்டும் பாருங்கள். வெறும் கொக்கி மட்டும் இருந்தால் வேண்டாம். கட்டியபின் முழங்காலால் வெளிப்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். சந்து விழுந்தால் துண்டையோ கைலியையோ சுருட்டி அடைக்கவே கூடாது. அடைத்தது உருவிக்கொண்டு வரும்.

அடுத்தது உயரம். கட்டிலில் ஓர் ஆள் படுத்திருக்கும்போது, மெத்தை அமுங்கிய நிலையில் தரையிலிருந்து அளக்க வேண்டும். தொட்டிலில் கட்டிலை ஒட்டித் தாழ்த்திய பக்கத்தின் விளிம்பு நம் மெத்தை மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்தப் பக்கம் தொட்டில் மெத்தையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது தனிக் கணக்கு. ஐரோப்பாவின் இ.என். 1130 தரம், 2019 பதிப்பில், குறைந்தது 12 செ.மீ. கேட்கிறது. இந்தத் தரத்தின் எண்ணோ, அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப் 2906 என்பதோ பெட்டியிலும் கையேட்டிலும் இல்லாத தொட்டிலை நான் மேற்கொண்டு படிக்கவே இல்லை.

12 செ.மீ. என்றதும் இலவம்பஞ்சு மெத்தை ஞாபகத்துக்கு வருகிறது. டவுனில் அளவு கொடுத்தால் தைத்துக் கொடுப்பார்கள், அத்தை ஆசையோடு தைக்கக் கொடுக்கப் போனார். தொட்டிலோடு வந்த மெத்தை பலகை மாதிரி கெட்டியாக இருக்கிறது, பிள்ளைக்கு முதுகு வலிக்கும் என்பது அவர் கவலை. அந்தக் கெட்டிதான் வேண்டும். கையை அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கக் கூடாது. பஞ்சில் முகம் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். அதோடு 5 செ.மீ. மெத்தையை மேலே போட்டால் 12 இல் 7 தான் மிஞ்சும். அத்தையிடம் இந்தக் கழித்தலைச் சொன்னதும் புரிந்துகொண்டார். அந்தப் பணத்தில் தொட்டில் அளவுக்கு இறுக்கமான விரிப்புகள் வாங்கித் தந்தார். ராத்திரியில் ஈரமானால் மாற்ற அது எவ்வளவு உதவியது என்பது எனக்குத்தான் தெரியும்.

என் வீட்டுக் கட்டில் திவான் மாதிரி, ஓரம் சமமாக இருக்கும். அம்மா வீட்டில் இருப்பது தாத்தா காலத்து மரக்கட்டில். மெத்தையைச் சுற்றி மரச்சட்டம் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பேறுகாலம் முடிந்து பத்தியம் இருந்தது அங்கேதான். எவ்வளவு தள்ளினாலும் மெத்தையோடு தொட்டில் ஒட்டாது. இப்படிப்பட்ட கட்டில் நம் ஊர்ப் பழைய வீடுகளில் நிறைய இருக்கிறது, ஆனால் பக்கத் தொட்டில் செய்கிறவர்கள் இதை நினைத்துச் செய்வதில்லை. அங்கே நான் நான்கு பக்கத்தையும் முழுசாக உயர்த்திப் பூட்டிவிட்டு, கட்டிலிலிருந்து சற்று விலக்கித் தனித் தொட்டிலாகவே பயன்படுத்தினேன். அம்மா எழுந்து தூக்கிக் கொடுப்பார். ஆகவே பக்கத்தை உயர்த்தித் தனியாக நிறுத்தவும் வழியுள்ள தொட்டிலாக வாங்குங்கள். பிள்ளை பெற்றவள் இரண்டு வீட்டில் தூங்குவது நம்மிடம் வழக்கம்தானே.

தரையையும் பாருங்கள். பழைய சிமெண்டுத் தரை மேடு பள்ளமாக இருக்கும். தொட்டிலுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தாலே எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று தெரிந்துவிடும். சக்கரத்துக்குப் பூட்டு இல்லையென்றால் வாங்காதீர்கள்.

பேராக் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பக்கங்கள் வலைத்துணியாக இருப்பது காற்றுக்கு நல்லது, முகம் ஒட்டினாலும் மூச்சு விட வழி இருக்கும். மரக்கம்பி வைத்தது என்றால் இடைவெளி 6 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. டெங்கி பயத்தில் கொசுவலை இல்லாமல் முடியாது. தொட்டிலுக்குள் வைக்கும் குடைவலை சரிந்து முகத்தில் விழும் என்பதால், கட்டிலையும் தொட்டிலையும் சேர்த்து மூடும் பெரிய வலையை மேலிருந்து தொங்கவிட்டு, தொட்டில் பக்கம் இழுத்துக் கட்டினோம். தொப்பி, காலுறை, போர்வை எதுவும் இல்லை. விசிறி ஓடும், மெல்லிய பருத்தி உடுப்பு, உடம்பைச் சுற்ற ஒரு துணி, அவ்வளவுதான்.

அப்புறம் அன்பளிப்புகள். பிள்ளை திடுக்கிட்டு எழாமல் இருக்க நெஞ்சின்மேல் வைக்கும் பச்சைப்பயறு உமித் தலையணை, தலை உருண்டையாக வர நடுவில் பள்ளம் வைத்த தலையணை, கரடி பொம்மை என்று வந்து சேர்ந்தன. ஒன்றையும் தொட்டிலுக்குள் விடவில்லை. கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாது என்று பொம்மைகளை அலமாரியில் தெரியும்படி வைத்தேன். கண்ணேறு விஷயத்தில் அம்மாவோடு சண்டை போடவில்லை. எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. கழுத்தில் கறுப்புக் கயிறு மட்டும் வேண்டாம் என்றேன், சிக்கினால் இறுக்கிவிடும். வசம்பு மணியும் கையில் வேண்டாம், அறுந்தால் வாயில் போகும். இரும்புத் துண்டு என் மெத்தைக்கு அடியில் போனது. பொட்டு கன்னத்தில், பெரிதாகவே.

பழைய தொட்டிலைப் பற்றி ஒன்று. ஒரு பக்கம் மேலும் கீழும் சறுக்கி இறங்கும் பழைய மரத் தொட்டில்கள் பலர் வீட்டு ஸ்டோரில் இருக்கும். அந்தப் பக்கம் கழன்று இடுக்கு விழுவதால் 2011 இல் அமெரிக்காவில் அவற்றை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். பக்கத் தொட்டில் பழையது என்றால் வார், திருகாணி, கையேடு எல்லாம் முழுசாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். வார் தொலைந்துபோனதற்குச் சேலைக் கிழிசலைக் கட்டிச் சமாளிக்க முடியாது.

பக்கத் தொட்டிலுக்கு ஆயுசு குறைவு என்பதையும் தெரிந்தே வாங்குங்கள். பல கையேடுகளில் 9 கிலோ வரை என்று போட்டிருக்கும், ஆனால் அதற்கு முன்பே பிள்ளை கையை ஊன்றி எழும்பப் பார்த்தால் நிறுத்திவிட வேண்டும். என் மகன் இப்போது ஒரு பக்கமாகப் புரளத் தொடங்கிவிட்டான். துணியில் சுற்றிப் படுக்க வைப்பதை அன்றோடு விட்டோம். பெரிய தொட்டில் வந்து இறங்கிவிட்டது, வீட்டுக்காரர் அதன் பாகங்களைப் பூட்டிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத் தொட்டிலைக் கோலகங்சாரில் இருக்கும் சித்தி மகள் கேட்டிருக்கிறாள், அவளுக்கு அடுத்த மாதம். வார்களைத் துவைத்துக் காயப்போட்டு, திருகாணிகளைக் கையேட்டோடு ஒரே பையில் கட்டி வைத்துவிட்டேன். அவள் கட்டிலில் ஆளைப் படுக்க வைத்து உயரம் அளந்து சொல்லட்டும், அதன் பிறகுதான் காரில் ஏற்றுவேன்.