பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு காகம்

"தம்பி, இதென்ன பிள்ளையின்ர தலைக்கு மேல? காகமோ?"

அந்த அம்மா கேட்டதும் அல்பத்தை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தேன். இரணைமடுக் குளக்கட்டில் எடுத்த படம். சாமத்தியவீடு முடிந்த அடுத்த நாள் பின்னேரம், பிள்ளைக்குச் சேலை உடுத்தி, குளமும் வானமும் பின்னால் வர நிற்க வைத்து எடுத்தது. வானம் நல்ல நீலம். அதில் மேலே வலப்பக்கமாக ஒரு சாம்பல் பொட்டு. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த படத்திலும் அதே இடத்தில் அது நிற்கிறது, அதற்கடுத்ததிலும் நிற்கிறது. காகமென்றால் அப்படிச் சொல் கேட்டு நிற்குமா? "ஓம் அம்மா, தூரத்தில ஏதோ பறவை" என்று சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பொய் இப்போதும் கொஞ்சம் உறுத்தும்.

இது 2012. நான் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் உதவியாளாக நின்றேன். லைட் பிடிப்பது, பற்றரி சார்ஜ் போடுவது, ஸ்ரூடியோ நடத்துகிற அண்ணைக்குத் தேத்தண்ணி வாங்கி வருவது, இடைக்கிடை இரண்டாவது கமராவால் படம் எடுப்பது, இதுதான் என் வேலை. வீதிகள் எல்லாம் திருத்திக்கொண்டிருந்த காலம், உள் ஒழுங்கைகள் முழுக்கக் கிறவல், ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவனுக்கு ஐந்து நிமிசத்துக்கு முன்னால் எதுவும் தெரியாது. அந்தத் தூசிக்குள் மோட்டார் சைக்கிளில் கமரா பையை மடியில் வைத்துக்கொண்டு போவேன், இறங்கியதும் அப்படியே லென்ஸைக் கழற்றி மாற்றுவேன். வேறு என்ன நடக்கும்.

அண்ணை அன்றிரவே எனக்கு விளக்கம் சொன்னார். அந்தப் பொட்டு தூசியால் வந்ததாம். ஆனால் தூசி கமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சரிலேயே படிவதில்லையாம், அதற்கு முன்னால் ஒட்டியிருக்கிற மெல்லிய கண்ணாடி வடிகட்டியில்தான் படிகிறது. நாம் படத்தில் காண்பது தூசியை இல்லை, அதன் நிழலை. அப்படியானால் கலியாண மண்டபத்துக்குள் எடுத்த படங்களில் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று கேட்டேன். "குப்பி விளக்கு வெளிச்சத்தில சுவரில கை நிழல் பார்த்திருக்கிறாய்தானே?" என்றார். வன்னியில் என் வயதுக்காரரிடம் இதைக் கேட்கவே தேவையில்லை, கரண்ட் இல்லாத அத்தனை வருசமும் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஆட்கள் நாங்கள். சின்னத் திரியின் வெளிச்சத்தில் விரல் நிழல் கூர்மையாக விழும், மானும் முயலும் செய்து காட்டலாம். நீட்டு டியூப் லைட்டுக்குக் கீழே அதே விரலின் நிழல் கரைந்துபோகும். கமராவுக்குள்ளும் அதே கதைதான். மண்டபத்துக்குள் எப் 2.8 இல் லென்ஸின் துவாரம் அகலமாகத் திறந்திருக்கிறது, வெளிச்சம் பல பக்கத்தாலும் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடுகிறது. குளக்கட்டில் வெயிலுக்காக எப் 16 வைத்தோம், துவாரம் சிறுத்துவிட்டது, நிழல் பொட்டாக விழுந்துவிட்டது. இத்தனை வருசத்தில் நான் கேட்ட விளக்கங்களில் இதைவிட வடிவான ஒன்று இல்லை.

விளக்கத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

அடுத்த நாள் காலை அண்ணை முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். நான் கடையில் தனிய. அவர் வரமுதல் துப்புரவாக்கி வைத்து நல்ல பெயர் வாங்கலாம் என்று ஒரு எண்ணம். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் ஒரு சின்னப் போத்தலும் காது குடைகிற பஞ்சுக் குச்சியும் வாங்கினேன். கமராவின் மெனுவில் சென்சர் துப்புரவாக்கும் பகுதிக்குப் போனால் உள்ளே சென்சருக்கு முன்னால் சரிந்து நிற்கிற மிரர் டக்கென்று மேலே எழும்பி ஷட்டர் திறந்துகொள்ளும், அதுவரை சரியாகத்தான் செய்தேன். சென்சர் தெரிந்தது. பச்சையும் ஊதாவும் கலந்த பளபளப்பு, மழை பெய்த ரோட்டில் பெற்றோல் சிந்தினாற்போல. பஞ்சை ஸ்பிரிட்டில் தோய்த்து மேல் வலப்பக்க மூலையைத் துடைத்தேன். வெயிலில் சரித்துப் பார்த்தால் எண்ணெய் பூசியதுபோல ஒரு படலம். திரும்பத் துடைத்தேன். படலம் பரவியது. காய்ந்த பஞ்சால் கொஞ்சம் அழுத்தித் துடைத்தேன். அப்போது பஞ்சின் கீழே ஏதோ நொறுநொறுத்த மாதிரி இருந்தது, சத்தம் கேட்டதா கையில் உணர்ந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சரித்துப் பிடித்துப் பார்த்தேன், மயிர் தடிப்பில் ஒரு கோடு.

பிழைகளை ஒவ்வொன்றாக அறிய எனக்கு மாதக்கணக்கில் பிடித்தது. சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தோலுக்காக ஆமணக்கெண்ணெய் போன்றவற்றைக் கலப்பார்கள், படலம் வந்தது அதனால். கிறவல் தூசியில் குவாட்ஸ் மணல் பருக்கைகள் இருக்கும், அது கண்ணாடியையே கீறக்கூடியது, அதன்மேல் பஞ்சை அழுத்தினால் அது அரத்தாள் தேய்த்த மாதிரித்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய பகிடி என்னவென்றால் நான் துடைத்த மூலையில் அந்தத் தூசி இருக்கவேயில்லை. லென்ஸ் படத்தைத் தலைகீழாகத்தான் உள்ளே விழுத்துகிறது, ஆகவே படத்தில் மேலே தெரிகிற பொட்டு சென்சரில் கீழே இருக்கும். கமராவின் வாயை நம் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கும்போது இடம் வலம் மாறாது, மேல் கீழ் மட்டும்தான் மாறும். அந்தக் காகம் கீழ் மூலையில் சௌக்கியமாக இருந்து நான் மேலே படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

பின்னேரம் அண்ணை வந்தார். கமராவைக் கையில் கொடுத்துச் சொன்னேன். அவர் வெளியே போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், கனநேரம் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"முதல்ல ஊதினியோடா?"

"இல்லை அண்ணை."

அவ்வளவுதான் கதைத்தார். அடுத்த கிழமை கமரா இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனது, அந்தக் கடைக்காரர் இரண்டு கிழமை என்று சொல்லி ஐந்து கிழமை வைத்திருந்தார்கள், அந்தக் கண்ணாடி வடிகட்டிப் பகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள், செலவு என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். அண்ணை அதில் ஒரு சதமும் என்னிடம் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இப்போது பரந்தன் முல்லைத்தீவு வீதியில் எனக்கென்று ஒரு சின்ன ஸ்ரூடியோ இருக்கிறது. படம் எடுப்பதோடு, பொடியங்கள் கொண்டுவருகிற கமராக்களுக்கும் தூசி எடுத்துக் கொடுக்கிறேன். அண்ணையின் அந்தக் கேள்விதான் என் தொழில் முறை முழுதும். முதலில் தூசி உண்மையில் எங்கே, எத்தனை என்று பார்க்க ஒரு படம் எடுப்பேன்: வெளிச்சத்துக்கான உணர்திறனைக் குறிக்கிற ஐஎஸ்ஓ 100, எப் 22, ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ, எடுக்கும்போது கமராவைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டே. சுவரிலுள்ள ஊத்தை கலங்கிப் போகும், சென்சரோடு இருக்கிற தூசி மட்டும் அசையாமல் நிற்கும். அப்புறம் கமராவின் வாயைச் சுற்றியுள்ள வளையத்தையும் லென்ஸின் பின்பக்க மூடியையும் துடைப்பேன், கனக்கத் தூசி அந்த மூடிக்குள்ளிருந்துதான் வருகிறது, அதை ஒருவரும் கவனிப்பதில்லை. பற்றரி முழுசாக இருக்க வேண்டும். பாதியில் பற்றரி இறங்கினால் தூக்கிய மிரரும் ஷட்டரும் உள்ளே இருக்கிற சாமான் மேல் விழும். மிரர் இல்லாத புதிய கமராவென்றால் லென்ஸைக் கழற்றியதுமே பெரும்பாலும் சென்சர் வெறுமனே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், வசதிதான், ஆனால் அதே வசதி தூசிக்கும் உண்டு.

பிறகு வாயைக் கீழே பார்க்கப் பிடித்து, றப்பர் புளோவரால் ஊதுவேன். பத்துத் தடவை, பதினைந்து தடவை. புளோவரின் மூக்கைக் கமராவுக்குள் விடமாட்டேன். புது புளோவர் என்றால் முதலில் வெளியே நன்றாக அமுக்கிவிட வேண்டும், சிலதுக்குள் பவுடர் இருக்கும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். ஒருவர் டயர் கடைக் கொம்பிறசரால் அடித்துக்கொண்டு வந்தார், அதில் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து வரும், அவருடைய சென்சரைப் பார்த்தால் மீன் பொரித்த சட்டி. தகரப் பேணியில் அடைத்து வருகிற காற்றும் அப்படித்தான், சரித்தால் உள்ளே இருக்கிற திரவம் பீச்சும்.

இடத்தை அம்மாவிடம் படித்தேன். காலையில் முற்றம் கூட்டமுதல் தண்ணீர் தெளிப்பார் அல்லவா, தூசி எழும்பாமல் இருக்க. நானும் கடையைத் திறந்ததும் சீமெந்து நிலத்தை ஈரத்துணியால் துடைத்து, ஃபானை நிறுத்தி, கதவைச் சாத்தி, அரை மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டுத்தான் கமராவைத் திறப்பேன். வியர்வை மூக்கு நுனியில் நிற்கும். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் இதற்கும் மேலே ஏதும் செய்ய முடியாது. அதே மாதங்களில்தான் வெளிநாட்டுச் சனம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு வந்து இறங்கும், ஆவணி பிறந்ததும் கலியாணம், சாமத்தியவீடு, கோயில் திருவிழா எல்லாம் ஒன்றாக வரும். வன்னியில் படத்தொழிலுக்கும் தூசிக்கும் ஒரே பருவம்.

சில கமராக்கள் தாங்களே தூசியை உதறும். 2003 இல் வந்த ஒலிம்பஸ் ஈ-1 தான் அந்த முறையை முதலில் கொண்டுவந்தது, சென்சருக்கு முன்னால் உள்ள கண்ணாடியை மிக வேகமாக அதிரவைத்து. இன்று பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வகையில் அது உண்டு. காய்ந்த தூசிக்கு நல்லது. சூடடிக்கிற நேரத்து வைக்கல் சுணையும், நந்திக்கடல் பக்கத்து ஈரக்காற்றில் ஒட்டிப்போனதும் அதற்கு அசையாது.

அப்படி ஒட்டியதற்கு மட்டும்தான் ஈரமாகத் துடைப்பது, நூற்றுக்கு நூறு ஊதி முடித்த பிறகுதான். அதற்கென்றே அடைத்து வருகிற துடைப்பான், சென்சரின் உயரத்துக்குச் சரியான அகலத்தில்: முழு அளவுச் சென்சருக்கு 24 மில்லிமீற்றர், அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சருக்கு 16. அதற்கென்றே விற்கிற மெதனோல் திரவம் இரண்டு துளி, கூடினால் காய்ந்த கறை நிற்கும். ஒரு பக்கத்தால் ஒரே இழுவை, திருப்பி மறுபக்கத்தால் திரும்பி ஒரே இழுவை, அதோடு குப்பைக் கூடை. மிச்சமிருக்கிறதே என்று அதே துணியை இன்னொரு தடவை போடுகிற ஆசை எனக்கு இன்றும் வரும். கனடாவிலிருந்து வருகிற மச்சானிடம் அந்தத் திரவம் கேட்டேன், தீப்பற்றுகிற சாமான் விமானத்தில் விடமாட்டார்கள் என்றார். துடைப்பான் மட்டும் கொண்டுவந்தார்.

போன ஆவணியில் ஒரு பொடியன் விடிய ஆறரைக்கே கடைக் கதவைத் தட்டினான். ஒன்பது மணிக்குப் புதுக்குடியிருப்பில் முகூர்த்தம், அவனுடைய முதல் கலியாணம், அதாவது அவன் எடுக்கப்போகிற முதல் கலியாணம். "அண்ணை, ஏழு பொட்டு இருக்கு, கெதியாத் துடைச்சுத் தாங்கோ." கையில் பஞ்சுக் குச்சிப் பெட்டி. அதை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டேன்.

ஊதினேன். ஏழு மூன்றானது. திரும்ப ஊதினேன். ஒன்று. அது ஒரு ஓரத்தில், கம்பி மாதிரி, அசையவில்லை. அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான், துடைக்கவில்லையா என்று கேட்கிற முகம். மண்டபத்துக்குள் எப் 2.8, எப் 4 தானே, தெரியாது என்றேன். வெளியே எடுக்கும்போது எப் 8 க்கு மேலே போகாதே, தெரிந்தாலும் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில்தான் நிற்கும், கொம்பியூட்டரில் ஒரு படத்தில் அழித்தால் அதே அழிப்பை மற்றவற்றுக்கும் போட்டுவிடலாம் என்றேன். லென்ஸை மாட்டி, மூடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

"காசு அண்ணை?"

"பஞ்சுக் குச்சி இங்க இருக்கட்டும். லென்ஸ் மாத்திறதெண்டா உள்ளுக்குப் போய் மாத்து."

அவன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். முன்னால் ஒரு டிப்பர் போய்க்கொண்டிருந்தது.