மலிவு மைக்கும் காலி வீதி பஸ்ஸும்

இண்டைக்கு கொழும்பு வெள்ளவத்தைத் தம்பி ஒராள் அனுப்பின பாட்டுப் பதிவு. குரல் அருமை. பின்னால ஃபேன், காலி வீதி (Galle Road) பஸ் ஹோர்ன், எல்லாத்துக்கும் மேல விடாத ஒரு "ஸ்ஸ்ஸ்".

மைக், பிஎம்-800 எண்ட மலிவு மைக். பழி முழுக்க அதுக்கு இல்லை.

அதோட வாற 3.5 மி.மீ. வயரை நேரா லப்டொப்பில குத்தினா, மைக்குக்குக் கிடைக்கிறது சில வோல்ட்தான். சத்தம் போதாது, கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கிற அளவை) கூட்டுவியள், இரைச்சலும் சேர்ந்து ஏறும். அதே மைக்கை எக்ஸ்எல்ஆர் எண்ட மூண்டு முள்ளு வயரில, 48 வோல்ட் பாண்டம் பவர் (வயர் வழியாவே மைக்குக்குப் போற மின்சாரம்) உள்ள இன்டர்ஃபேஸில, அதாவது மைக்கை லப்டொப்போட இணைக்கிற பெட்டியில, போட்டா இரைச்சல் நல்லாக் குறையும்.

அப்ப விலை கூடின மைக் ஏன்? ஓடியோ டெக்னிக்கா ஏடி2020இன் சொந்த இரைச்சல் (மைக் தானாப் போடுற இரைச்சல், குறைஞ்சா நல்லது) 20 டெசிபல். அதை விட விலை கூடின ரோட் என்டி1-ஏ வெறும் 5. ஆனா ஃபேன் சுத்துற அறையில அந்த 15 டெசிபல் வித்தியாசம் காதுக்கே வராது. காசைத் தண்ணியில போடாதேங்கோ.

றோட்டோர வீடெண்டா என்ர தெரிவு ஷுர் எஸ்எம்58. டைனமிக் மைக் (காந்தமும் கம்பிச் சுருளும் வச்சு வேலை செய்யிற வகை), பாண்டம் பவர் தேவையில்லை. வாயில இருந்து நாலு விரல் தூரம், கொஞ்சம் சரிச்சு. கிட்டப் பாடுறதால பஸ் பின்னுக்குப் போயிடும். சிக்கல் ஒண்டு: மெல்லப் பாடினா 60 டெசிபல் அளவுக்குக் கெயின் வேணும், மலிவு இன்டர்ஃபேஸ் அங்க மூச்சுவாங்கும்.

போலி எஸ்எம்58 தாராளமா உலாவுது. பாதி விலை எண்டா வாங்காதேங்கோ.