பேட்ச் போய்ச் சேராத பெட்டிகள்

வீட்டு ரூட்டர்களின் ஃபர்ம்வேரில், அதாவது பெட்டிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. புது மாடல் ஒன்று மேசைக்கு வந்ததும் மூடியைக் கழற்றி, போர்டில் சீரியல் முனைகள் எங்கே என்று பார்ப்பேன். பெரும்பாலும் வரிசையாக நாலு சின்னப் புள்ளிகள். வயரை வைத்து இணைத்தால் பூட் ஆகும் செய்திகள் திரையில் ஓடும். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, எந்தப் பதிப்பு என்பது அங்கேயே தெரிந்துவிடும். புத்தம்புது டப்பாவுக்குள் லினக்ஸ் 2.6.36 ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அது 2010-இல் வந்தது.

அப்புறம் அட்மின் பக்கம். அதில், ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் சோதனைக்கு ஒரு கட்டம் இருக்கும். அங்கே தட்டுகிற முகவரியை நிரல் அப்படியே, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லிடம் கொடுத்தால் தொலைந்தது. முகவரியை அடுத்து ஓர் அரைப்புள்ளி, அதன்பின் வேறொரு கட்டளை. ரூட்டர் இரண்டையும் ரூட் அதிகாரத்தோடு, அதாவது எதையும் செய்யக்கூடிய முழு அதிகாரத்தோடு, செய்து முடிக்கும். இதைச் சரிசெய்வது பெரிய காரியமே இல்லை. வருவது ஒழுங்கான முகவரிதானா என்று பார்த்துவிட்டு, ஷெல்லைக் கூப்பிடாமல் பிங்கை நேரடியாக இயக்கினால் போதும்.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஓட்டை சிப் கம்பெனி கொடுத்த நிரலில் இருந்தால், அவர்கள் திருத்தி, அந்தத் திருத்தத்தை (அதுதான் பேட்ச்) போர்டு தயாரிப்பவருக்குத் தரவேண்டும். அவர் பிராண்டுக்கு, பிராண்டு இணைய சேவை நிறுவனத்துக்கு. இதில் யாராவது ஒருவர் "அந்த மாடலைத்தான் நிறுத்திவிட்டோமே" என்று சொன்னால் கதை முடிந்தது. விற்பனை நின்றாலும் அந்தப் பெட்டி ஏதோ ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் இரவும் பகலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

2014 டிசம்பரில் செக் பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'மிஸ்ஃபார்ச்சூன் குக்கி' விவகாரத்தை, புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வேன். ராம்பேஜர் என்ற குட்டி வெப் சர்வரில் இருந்த ஓட்டை அது. அதை எழுதிய நிறுவனம் 2005-லேயே திருத்திவிட்டது. ஆனாலும் ஒன்பது வருஷம் கழித்து, 189 நாடுகளில் குறைந்தது 1.2 கோடி கருவிகளில் பழைய பதிப்பே இருந்தது. எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிற விஷயம் இது. மருந்து தயாராக இருந்தும் கொண்டுபோய்க் கொடுக்க ஆளில்லை.

கொண்டுபோக வழி இல்லாமலும் இல்லை. 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேருக்கு இணைப்பு போயிற்று. சேவை நிறுவனம் ரூட்டரைத் தொலைவிலிருந்து பராமரிப்பதற்கான 7547 போர்ட், அதாவது ரூட்டரின் இணைய வாசல்களில் ஒன்று, உலகத்துக்கே திறந்திருந்தது. ரூட்டர் போன்ற கருவிகளைக் கைப்பற்றும் மிராய் என்ற தீநிரல் வகைத் தாக்குதல் அதன் வழியாகத்தான் வந்தது. ஆனால் நிறுவனம் சட்டென்று புது ஃபர்ம்வேரைத் தயார் செய்தது. ரூட்டரைக் கொஞ்ச நேரம் அணைத்துவிட்டுப் போடுங்கள், அதுவே இறக்கிக்கொள்ளும் என்று மக்களிடம் சொன்னது. மனது வைத்தால் நடக்கும் என்பதற்கு எனக்கு அதுவே சாட்சி.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இந்த மாதிரிக் கருவிகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். எங்கள் கூட்டங்களிலும் இதைத்தான் கேட்டு வருகிறேன்: டப்பாவில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே அந்தத் தேதியையும் அச்சடியுங்கள். "தேதியைப் போட்டால் பழைய ஸ்டாக்கை யார் வாங்குவார்கள்?" என்கிறது விற்பனைப் பிரிவு. வாங்கக்கூடாது என்பதற்காகத்தான் கேட்கிறேன்.