பெரியம்மா கேட்டது பட்டம்

இந்த முறை யாழ்ப்பாணத்து நல்லூர் முருகன் கோயிலுக்குப் போனதற்குக் காரணம் போன ஆண்டு நான் விட்ட பிழை.

பெரியப்பாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தால் எங்கள் ஊர் அம்மனுக்குப் பட்டம் சாத்துவதாகப் பெரியம்மா நேர்த்தி வைத்திருந்தார். நான் கொழும்பில் இருப்பவன். தொலைபேசியில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, வெள்ளவத்தையில் ஒரு நகைக்கடையில் ‘அம்மனுக்குக் கிரீடம்’ என்று ஓடர் கொடுத்தேன். பட்டமோ முடியோ, எல்லாம் தலையில் வைப்பதுதானே என்ற நினைப்பு. வெள்ளியில் செய்து தங்கமுலாம் பூசி, உச்சியில் குமிழ் வைத்து, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இரவு பஸ்ஸில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன்.

ஐயர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மனைப் பார்த்தார். “தம்பி, அம்மாளுக்குத்தான் முடி இருக்கே. கல்லிலையே செதுக்கிக் கிடக்கு. இதை எங்க வைக்கிறது?”

அதுவரை எத்தனையோ தடவை கும்பிட்ட அம்மன். தலையில் என்ன இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். பானைகளைக் கவிழ்த்து அடுக்கியது போல மேலே போகப்போகச் சிறுத்துப்போகும் முடி. சிற்பிகள் அதைக் கரண்ட மகுடம் என்பார்கள். திருமாலுக்கு உயர்ந்த கிரீட மகுடம், சிவனுக்குச் சடையையே கட்டி முடித்த சடாமகுடம், அம்மனுக்குப் பெரும்பாலும் இந்தக் கரண்டம். மூன்றும் சிலையோடு பிறந்த முடிகள். அதற்கு மேல் இன்னொரு முடியை வைத்தால் குடத்துக்கு மேல் குடம் வைத்தது போலத்தான் நிற்கும்.

“நான் கேட்டது பட்டமடா, மோனை,” என்றார் பெரியம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, இந்த ஆண்டு நேரே யாழ்ப்பாணத்து நகைக்கடைத் தெருவான கன்னாதிட்டிக்கே போனோம். பெரியம்மா சின்ன வயதிலிருந்து போகும் பத்தர் கடை. அவர் ஒரு பழைய கொப்பித் தாளை நீளமாகக் கிழித்துத் தன் நெற்றியில் சுற்றிக் காட்டினார். “இது பட்டம்.” பிறகு மேசையில் இருந்த தேநீர்க் குவளையை உச்சியில் கவிழ்ப்பதுபோல் பிடித்தார். “இது முடி.” பட்டத்தைக் கட்டுவது, முடியைச் சூட்டுவது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நான் கொழும்பில் தேடித் தேடி வாசித்திருந்தாலும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைத்திருக்காது.

செய்து கொடுத்த பட்டம் நாலு விரல் நீளம். நடுவில் வில்வ இலை போலக் கொஞ்சம் எழும்பி, அதில் மூன்று சிவப்புக் கல். இரண்டு முனையிலும் நூல் கோக்க ஒவ்வொரு வளையம். உள்பக்கம் கல்லில் உரசாதபடி விளிம்பை மழுக்கியிருந்தார். அந்த மழுக்கலைப் பெரியம்மா விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

அங்கிருந்து ஓட்டோவில் நல்லூர். திருவிழா முடிந்து ஒரு வாரம்தான். இருபத்தைந்து நாள் சனம் மிதித்த மணல் வீதியில் இன்னும் அள்ளப்படாமல் கிடந்தது. கச்சான் கடைகளில் பாதியைக் கழற்றிவிட்டார்கள். வாசலில் சேட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பெரியம்மா ஒரு ரூபாய் அர்ச்சனைச் சிட்டை வாங்கினார். என்ன விலைவாசி ஏறினாலும் நல்லூரில் அது ஒரு ரூபாய்தான் என்பதில் அவருக்கு ஒரு தனிப் பெருமை, தானே விலையைப் பிடித்து வைத்திருப்பதுபோல.

மூலஸ்தானத்தில் முருகன் வேலாக இருக்கிறான். பட்டத்தோடு வந்த எனக்கு அன்று அது புதிதாகப் பட்டது. அங்கே முகம் இல்லை, பட்டம் கட்ட நெற்றி இல்லை, முடி சூட்ட உச்சியும் இல்லை. மணி அடித்தது, தீபம் உயர்ந்தது. பெரியம்மா பட்டத்துப் பெட்டியைத் திறந்து இரண்டு கையிலும் ஏந்தி வேலுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். கொடுக்கவில்லை, காட்டினார், அவ்வளவுதான். ஊருக்குள் எதை வாங்கினாலும் மூத்த அண்ணனிடம் ஒருக்கால் காட்டிவிட்டுப் போவதுபோல. நான் கும்பிட மறந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளிவீதியில் நடக்கும்போது இந்த இரண்டு சொல்லும் மனதை விடவில்லை. தலைமயிருக்கும் முடி, மகுடத்துக்கும் முடி, மலை உச்சிக்கும் முடி. திருமாலும் பிரமனும் சிவனின் அடியையும் முடியையும் தேடிப் போனார்கள் என்கிறோம். ஆக, முடி உச்சியைச் சேர்ந்தது. பட்டமோ நெற்றியோடு நின்றுவிடும். அதனால்தான் யானைக்கு நெற்றிப்பட்டம் கட்டலாம், முடி சூட்ட முடியாது. அதனால்தான் பட்டம் மெல்ல மெல்லத் தகட்டை விட்டுவிட்டுப் பெயராகவும் மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதே நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுகருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் 1849-இல் கொடுத்த ‘நாவலர்’ ஒரு பட்டம். பல்கலைக்கழகத்தில் பிள்ளைகள் வாங்குவதும் பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏற்றுவதும் பட்டம்தான், ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்த்தால் பெரியம்மா என்னை ஓட்டோவிலிருந்து இறக்கிவிடுவார்.

வீட்டுக்குப் போகும் வழியில் இணுவிலில் இறங்கினோம். பரராசசேகரப் பிள்ளையாரைக் கும்பிடாமல் பெரியம்மா அந்த வழியால் போகமாட்டார். யாழ்ப்பாணத்து அரசர்கள் அரியணை ஏறும்போது செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சேகரம் என்றால் தலையில் சூடுவது. பிறையைச் சூடியவன் சந்திரசேகரன் அல்லவா? அப்படியென்றால் இவர்களுக்குப் பட்டம் கட்டும்போது கிடைத்த பெயருக்குள்ளேயே ஒரு முடி இருந்திருக்கிறது. 1619-இல் போர்த்துக்கேயரிடம் அரசு போனது. 1621-இல் நல்லூரின் பழைய கோயிலையும் இடித்தார்கள். அந்த அரசர்களின் தலையில் இருந்தது எதுவும் இன்று நம் கண்ணில் படுவதில்லை. பெயர் மட்டும் இணுவிலில் இரண்டு பிள்ளையார்களிடம் தங்கிவிட்டது. செகராசசேகரப் பிள்ளையாரும் அதே ஊரில்தான் இருக்கிறார்.

இதையெல்லாம் நான் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருக்க, பெரியம்மா நெற்றியின் இரண்டு பக்கமும் மூன்று தரம் குட்டிக்கொண்டு, “நீயும் குட்டிக்கொள். உனக்குக் கொஞ்சம் பலமாக வேணும்,” என்றார்.

ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சேர மத்தியானப் பூசை நேரம். ஐயர் பெட்டியைத் திறந்தவுடன் சிரித்தார். பட்டத்தின் வளையங்களில் சிவப்பு நூலைக் கோத்து, முடியின் அடிவிளிம்புக்குச் சரியாக ஒரு நூல் கீழே, புருவத்துக்கு மேலே வைத்துப் பின்னால் முடிச்சுப் போட்டார். முதல் முடிச்சு நழுவியது. கல்லில் எண்ணெய்ப் பிடிப்பு. துணியால் துடைத்துவிட்டு இரண்டாம் முறை கட்டினார். திரை விலகியபோது, முப்பது வருடமாக நான் பார்த்த அதே முகம், ஆனால் நெற்றி எங்கே தொடங்குகிறது, முடி எங்கே தொடங்குகிறது என்று இப்போது தெரிந்தது. பெரியப்பா தூணோரம் நின்று, ஒப்பரேசன் செய்த கண்ணை மட்டும் திறந்துகொண்டு மற்றக் கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தார். “கல்லு மூண்டு,” என்றார். பெரியம்மாவுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

விபூதி வாங்கும்போது போன ஆண்டுக் கிரீடத்தைப் பற்றி ஐயரிடம் மெல்லக் கேட்டேன். அது இன்னும் பெரியம்மாவின் அலுமாரியில், பழைய பேப்பரில் சுற்றியபடி இருக்கிறது.

“வாற மாதம் நவராத்திரி தானே. கும்பம் வைப்பம். தேங்காயில அது நிக்குதோ பாப்பம்,” என்றார் ஐயர்.

பெரியம்மா சீலைத் தலைப்பை விரித்து அளவெடுக்கத் தொடங்கினார். எவ்வளவு பெரிய தேங்காய் வேணும் என்று அவருக்குத் தெரியவேண்டுமாம்.