கூரைத் தூசியும் வருகைப் பதிவேடும்

தொழிற்சாலைக் கட்டடப் பராமரிப்பில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக நான் சேர்ந்த புதிதில், ஒரு பழைய குடோனின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை மாற்றும் வேலைக்கு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் கட்டிங் மெஷினால் ஷீட்டை அறுத்துக்கொண்டிருந்தார். எழுந்த வெண்தூசி அவருடைய புருவத்திலும் கண்ணிமைகளிலும் மாவு போலப் படிந்திருக்க, மூக்கைச் சுற்றி ஒரு துண்டு மட்டுமே இருந்தது. துண்டு போதாதென்று நான் சொன்னபோது, "சிமெண்ட் தூசிதானே சார், குளிச்சா போயிடும்" என்றார்.

அந்த ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். ஆனால் அதைப் பிணைத்து வைத்திருக்கும் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெல்லியவை. துணியின் இழையிடுக்கில் எளிதாக நுழைந்து நுரையீரலின் அடிவரை சென்று தங்கிவிடும். நுரையீரல் தழும்பேறி மூச்சுத் திணறும் ஆஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா ஆகியவை இதனால் வருபவை. எல்லா வகைக் கல்நாரையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாகவே வகைப்படுத்தியிருக்கிறது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகும்.

அதன் பிறகு எங்கள் தளங்களில் மெஷின் வைத்து அறுப்பதை நிறுத்தினோம். ஷீட்டைத் தண்ணீரால் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்கி, தடித்த பாலித்தீனில் சுற்றிக் கட்டினோம்; துடைப்பத்தால் கூட்டுவதையும் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னோம். வேலையுடுப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதில்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. ஏனெனில் அதை உதறித் துவைக்கும் மனைவியின் மூச்சிலும் அதே இழைதான் போய்ச் சேரும்.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இந்த நோய்கள் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள்கூட ஆகலாம். கல்நார் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் கல்நார் ஆலைகளுக்கு உத்தரவிட்டது. ஆனால் கூரை பிரிக்க ஒரு வாரம் வந்து போகும் கூலித் தொழிலாளியை எந்தப் பதிவேடு தாங்கும்? அன்றைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். "ஆட்கள் 6" என்று மட்டும் எழுதியிருந்தது. இருபது ஆண்டு கழித்து மூச்சு வாங்கி மருத்துவரிடம் போகும்போது, எங்கே, எதை அறுத்தேன் என்று சொல்ல அவரிடம் ஒரு துண்டுத்தாள்கூட இருக்காது. இதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

மறுநாள் ஒரு நீளநோட்டு வாங்கினேன். பெயர், வயது, ஊர், என்ன வேலை, எத்தனை நாள் என்று ஆறு பேரையும் கேட்டு எழுதி, அதையே சீட்டாக நகலெடுத்து முத்திரையிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். துண்டு கட்டியிருந்தவர் அதை நான்காக மடித்து, ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார்.